ஷூ உள்ளே... துப்பாக்கி வெளியே!

"ஐயோஓஓ...!"

ஆண்கள் கழிப்பறையிலிருந்து அலறல்!

சனிக்கிழமை மதியம். ஓஹையோவின் கார்வெல் ஊரில், வில்மாவின் பௌலிங் கூடம். உருண்டுகொண்டிருந்த பந்துகளே ஒரு கணம் தயங்கின.

கதவை உதைத்துக்கொண்டு ஓடி வந்தார் பல் டாக்டர் ஓட்டிஸ். ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்திருந்தார்.

"து... துப்பாக்கி! பேப்பர் ரோல் பெட்டி மேல!"

"யாரும் அசையாதீங்க!"

பாய்ந்து வந்தான் ட்வைட் ஹேகன். போலீஸ்காரன். இன்று விடுமுறை.

கவுன்ட்டருக்குப் பின்னால் வில்மா அசையவே இல்லை. ஒரு மணி நேரம் முன்புதான் இங்கே அவனோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

"வாசல்ல போர்டைப் பார்க்கலையா தம்பி? துப்பாக்கிக்கு இங்கே இடமில்ல. ஷூவை வாங்கி வைக்கிற மாதிரி அதையும் வாங்கி வைக்கிறேன். போறப்போ தர்றேன்."

"லீவுல இருந்தாலும் போலீஸ் கடைக்குள்ள துப்பாக்கியோட வரலாம். சட்டம்! உன் போர்டை வெச்சு நீ விசிறிக்கோ."

"விசிற மாட்டேன். கழட்டவும் மாட்டேன்."

"அப்படியா? திங்கட்கிழமை உன் பீர் லைசென்ஸ் இருக்காது!"

பீர் போனால் கூடம் போகும். வில்மாவுக்கு அது தெரியும். போர்டு அங்கேயேதான் இருந்தது.

ட்வைட் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தான். பந்து உருட்டுவதற்கென்று கூடம் தரும் வாடகை ஷூவை மாட்டிக்கொண்டான். துப்பாக்கியோடு உள்ளே போனான்.

இப்போது அவனுக்குக் கொண்டாட்டம்!

"பார்த்தியா? இதுக்குத்தான் எங்களை மாதிரி ஆளுங்க துப்பாக்கியோட வரணும்கிறது! உன் போர்டை எவன் மதிச்சான்?"

"நீ மதிக்கலை. அது எனக்குத் தெரியும்."

வில்மாவின் கண் அவன் இடுப்புக்கு ஒருமுறை போய் வந்தது.

சைரன்... சார்ஜென்ட் ரெனீ டக்கர் வந்தாள். கையுறை மாட்டி, கழிப்பறைக்குப் போய், துப்பாக்கியை எடுத்து வந்து கவுன்ட்டரில் வைத்தாள்.

"மேடம், இவ லைசென்ஸைப் பிடுங்குங்க!" ட்வைட் குதித்தான். "பிறந்தநாள் பார்ட்டிக்குக் குழந்தைங்க வந்திருக்கிற இடம் இது!"

"ஏன் தம்பி, இதை அங்கே விட்டுட்டு வந்தவனை என்ன பண்ணலாம்?" கேட்டாள் வில்மா.

"நானே விலங்கு மாட்டுவேன்! எந்த முட்டாளா இருந்தாலும் சரி!"

"மேடம்... கேட்டுக்கிட்டீங்கல்ல?"

ரெனீ துப்பாக்கியைப் பார்த்தாள். ட்வைட்டைப் பார்த்தாள்.

"ட்வைட்... உன்னோடது எங்கே?"

"இதோ மேடம்..."

கை இடுப்புக்குப் போனது.

உறை இருந்தது.

உறை மட்டும்!

"பேன்ட்டை இறக்குறப்போ எடுத்து மேல வைக்க வேண்டியது, மறந்துட்டு வர வேண்டியது!" ரெனீ பல்லைக் கடித்தாள். "நம்ம டிபார்ட்மென்ட்ல இந்த வருஷம் நீ மூணாவது ஆள். நட, சீஃப் கிட்ட பேசிக்கலாம்."

"என் லைசென்ஸ் மேடம்?"

"உங்களோடது பத்திரம். இவன் வேலைதான் சந்தேகம்."

ட்வைட் வாசல்வரை போய்விட்டான். போர்டுக்குக் கீழே தலை குனிந்து நின்றான்.

"தம்பி!" வில்மா குரல் கொடுத்தாள். "வாடகை ஷூவைக் கழட்டிட்டுப் போ. உன் ஷூ பத்திரமா இருக்கு... நாங்க எதையும் கக்கூஸ்ல வெச்சிட்டு வர்றதில்ல!"