பீரோ கண்ணாடியில் ஒரு கட்டைவிரல்

சோரியாங்குப்பத்தில் கரும்புக் கொல்லையை ஒட்டியிருந்த அந்த வீட்டுக்குக் கைரேகை நிபுணர் செல்வகுமாரி வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் அங்கே யாரோ அருள்மொழியின் கழுத்தை நெரித்திருந்தார்கள். உயிர் தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சந்தேகமெல்லாம் அவள் கணவன் அரிகரன் மேல்.

படுக்கையறையில் ஆற்றுச் சேற்றின் வாடை. பீரோ கண்ணாடியில் அருள்மொழி ஒட்டிவைத்த பொட்டுகள். செல்வகுமாரி கறுப்புப் பொடியைத் தூரிகையால் மெல்லத் தடவினாள். ஒரு பொட்டின் மேலேயே கட்டைவிரல் ரேகை எழுந்து வந்தது. அதன் குறுக்கே அரிவாள் வெட்டிய தழும்பு.

அவள் கை நின்றது.

போன வருஷம் தென்பெண்ணையாற்றில் ஒதுங்கிய ஒரு பெண் பிணத்தின் விரலில் இதே தழும்பைப் பார்த்திருக்கிறாள். அதற்கு மை தடவி ரேகை எடுத்தவள் அவள்தான். இந்த வீட்டுப் பாத்திரங்களில் இருந்த ரேகையோடு ஒப்பிட்ட பிறகே, அது அரிகரனின் முதல் மனைவி உஷாராணி என்று உறுதியானது.

"இந்த பீரோ எப்ப வாங்கினது?"

"அருள்மொழி சீரா கொண்டாந்தது மேடம்," என்றான் வாசலில் நின்ற அரிகரன். "இன்னா ஆச்சு?"

"உஷாராணி எப்படிப்பட்டவங்க?"

அவன் குரல் இறங்கியது. "பால்காரம்மாகிட்ட சிரிச்சிப் பேசினாக்கூட சோறு துன்ன மாட்டா. சண்ட போட்டுட்டுதான் ஆத்துக்குப் போனா. செத்தாலும் உன்ன ஒருத்திக்கும் வுட மாட்டேன்னு சொல்லிட்டுப் போனா."

ஒப்பிட்டுப் பார்க்க அவன் ரேகையும் வேண்டும். செல்வகுமாரி அவன் கையைப் பிடித்து, விரலை மையில் உருட்டினாள்.

பீரோ கதவு முனகியது.

சேற்று வாடை முகத்தருகே வந்தது.

அவள் மணிக்கட்டை ஈர விரல்கள் பற்றின. ஒவ்வொன்றாக இறுகின.

"வுடுங்க மேடம்," அரிகரன் கிசுகிசுத்தான். "என் கைய வுட்டுடுங்க."

விட்டாள். பிடி தளர்ந்தது.

கண்டதை அப்படியே அறிக்கையில் எழுதினாள். மேலதிகாரி படித்துவிட்டு, "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கம்மா," என்றார். ஆனால் அருள்மொழியின் கழுத்தில் இருந்த விரல் தடங்கள் சின்னவை. அரிகரனின் கைக்குப் பொருந்தவில்லை. அவனை விட்டுவிட்டார்கள்.

அருள்மொழி அவனிடம் திரும்பவில்லை. திருக்கனூரில் அம்மா வீட்டிலிருந்து ஒரு மத்தியானம் போன் செய்தாள்.

"இங்க வந்தப்புறம் ஒரு தொல்லையும் இல்ல மேடம். அது என்ன வுட்டுடுச்சி." கொஞ்சம் தயங்கினாள். "வேற யாரையாச்சும் புடிச்சிக்கிச்சோ இன்னாவோ."

செல்வகுமாரி போனை மறு கைக்கு மாற்றி, மணிக்கட்டைப் புடவையில் துடைத்தாள்.

மறுபடியும் ஈரம் ஊறியது.