மஞ்சள் மழைக்கோட்டைப் பிடி!

அறிவியல் கண்காட்சி தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது. கேரளத்தின் கழக்கூட்டத்தில் விடாத மழை. பள்ளியின் ஈர வராந்தாவில் கால் வழுக்கிய அனீஷ், வகுப்புத் தோழி இசக்கிசெல்வி செய்து வைத்திருந்த தெர்மகோல் மாடல் மேலேயே விழுந்தான்.

மலேரியா தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் மாடல் அது. கல்லீரல் இரண்டாக உடைந்தது. வெள்ளணுக்கள் மழைநீரில் மிதந்தன.

இசக்கிசெல்வி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். போன வருடம் கட்டட வேலைக்குப் போன இடத்தில் அப்பாவுக்கு மலேரியா வந்தது. மூன்று போர்வைக்குள்ளும் அவர் நடுங்கியதை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்தத் தலைப்பையே எடுத்தாள்.

"சாரி செல்வி, ஞான் வேணும்னு செய்யல" என்று மலையாளம் கலந்த தமிழில் அனீஷ் விசும்பினான்.

"அழாதல. நீ நல்லா ஓடுவேல்லா?"

"ஓட்டத்துல நான்தான் ஃபர்ஸ்ட்!"

"அப்ப நீதான் மலேரியா கிருமி."

அனீஷ் அழுகையை நிறுத்திவிட்டு முழித்தான்.

நடுவர் டாக்டர் ஹரிகுமார் வந்தார். "மாடல் எங்கே மோளே?" என்று மகளிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"இவங்கதான் சார்!" என்று கை காட்டினாள் இசக்கிசெல்வி.

வராந்தா முழுக்க மழைக்கோட்டு போட்ட பிள்ளைகள். நீலம், பச்சை, சிவப்பு. மஞ்சள் ஒன்றே ஒன்று, அது அனீஷ்.

"வராந்தா ரத்தக்குழாய், சார். அந்தக் கடைசி பெஞ்சு கல்லீரல். கொசு கடிச்சதும் கிருமி அங்க போய் ஒளிஞ்சுக்கும். அங்க பெருகி வெளிய வந்தாத்தான் காய்ச்சல். சும்மா நடக்கிறவங்க சிவப்பணுக்கள், இந்த அஞ்சு பேரும் வெள்ளணுக்கள். யார் கிருமின்னு இவங்களுக்குத் தெரியாது."

விசில் ஊதினாள். பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். வெள்ளணுக்கள் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறினார்கள். அனீஷ் புகுந்து ஓடிப் பெஞ்சைத் தொட்டு, "காய்ச்சல்!" என்று கத்தினான். ஒரே சிரிப்பு.

"இப்ப தடுப்பூசி" என்றாள் இசக்கிசெல்வி. அனீஷின் மழைக்கோட்டிலிருந்து தொப்பியை மட்டும் கழற்றி ஐவரிடமும் காட்டினாள். "முழுக் கிருமி இல்ல சார். அதோட மேல்சட்டையில ஒரு சின்னத் துண்டு. இவங்க ஞாபகம் வச்சுக்குவாங்க."

மறுபடி விசில். அனீஷ் பாய்ந்தான். நான்கு அடிகூடத் தாண்டவில்லை.

"மஞ்சள்! மஞ்சள்!"

ஐவரும் அவனை அமுக்கிப் பிடித்தார்கள். கைதட்டலில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

"ஒரு ஊசி போதுமோ?" என்று கேட்டார் டாக்டர்.

"போதாது சார். நாளாக ஆக வெள்ளணுக்களுக்கு மறந்துரும். திரும்பத் திரும்பக் காட்டணும். அப்பவும் சில கிருமி தப்பிச்சிரும்."

"கலக்கிட்டே! முதல் பரிசு உனக்குத்தான்."

"அனீஷ் பேரையும் எழுதுங்க சார். அவன் இல்லாம இது இல்ல."

டாக்டர் இரண்டு பெயர்களையும் எழுதினார். அனீஷ் துள்ளிக் குதித்தான்.

"இன்னொரு ரவுண்டு! இன்னொரு ரவுண்டு!" என்று எல்லோரும் கத்தினார்கள்.

டாக்டர் ஹரிகுமார் பேனாவைப் பைக்குள் செருகி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஆறாவது வெள்ளணுவாக வரிசையில் போய் நின்றார்.