காலித் தட்டு

காலை பதினொரு மணிக்கு, காலி என்று அவள் ஒதுக்கிவைத்த முட்டைகளில் ஒன்று கீச்சிட்டது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஈரச் செருப்பு வழவழப்பான தரையில் தேய்ந்தால் எழுமே, அந்த அளவுதான். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் குஞ்சு பொரிப்பகத்தின் அந்த ஒரு அறைக்கு மட்டும் பகல் கிடையாது. சன்னல்களில் கறுப்புத் தாள், வாசலில் இரட்டைத் திரை, நடுவில் இரண்டு மேசை, இரண்டு விளக்கு. இன்குபேட்டரில் பத்து நாள் சூடு பட்ட முட்டைகள் தட்டுத் தட்டாக வரும். விளக்கின் துளைமேல் முட்டையை வைத்தால் உள்ளிருப்பது தெரிந்துவிடும். சிவப்பு நரம்புகள் வேர்போல ஓடி, நடுவில் ஒரு கரும்புள்ளி அசைந்தால் உயிர். ஒன்றுமில்லாமல் முழுக்க மஞ்சளாக எரிந்தால் காலி. ஒரு முட்டைக்கு ஒரு நொடி. பன்னிரண்டு வருடத்தில் அவள் கணிப்பு தவறியது என்று யாரும் சொன்னதில்லை.

அதோடு, பத்தாம் நாளில் உயிருள்ள முட்டைகூடச் சத்தம் போடாது. குரல் வர இருபது நாள் ஆக வேண்டும்.

எதிர் மேசையில் ரேடியோ அக்கா மருமகனின் புது போனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் ஓயாததால் வந்த பெயர். அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

"அக்கா, ஏதாவது கேட்டுச்சா?"

"நான் பேசினது கேட்டிருக்கும். வேற யாரை இங்க பேச விடுறேன்?"

அவள் காலித் தட்டை இழுத்து, முப்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக மறுபடி விளக்கில் வைத்தாள். முப்பதும் எரிந்தன. ஒன்றை வாளியில் உடைத்தும் பார்த்தாள். வெள்ளைக் கரு, மஞ்சள் கரு. வேறொன்றுமில்லை. சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, இடது கை வயிற்றின்மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனதென்று தெரியவில்லை.

ரேடியோ அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் மதியத்துக்குள் வாசல் காவலாளிவரை போய்விடும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, இப்போதுதான் முதல்முறையாக இருபது நாள் தள்ளிப்போயிருந்தது. வீட்டில் செய்த சோதனையில் இரண்டு கோடு. வியாழக்கிழமை ஸ்கேன்.

அந்த இரண்டு கோட்டுக்காக ஒரு வருடம் அவளும் கணவனும் பட்ட பாடு கொஞ்சமில்லை. டாக்டரம்மா ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்திருந்தார். சூடான சாப்பாட்டைப் பிளாஸ்டிக்கில் போடக் கூடாது. வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணீர் கூடாது. பழத்தையும் கீரையையும் நன்றாக அலச வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும், அவர் சிகரெட்டை விட வேண்டும், இவள் தினம் இரண்டு முட்டை சாப்பிட வேண்டும். எல்லாவற்றையும் செய்தார்கள். பிளாஸ்டிக் டப்பாக்கள் வீட்டைவிட்டு வெளியேறின. அவன் சிகரெட்டை விட்டான்; விட்ட முதல் மூன்று மாதம் கதவு சாத்தினாலும் எரிந்து விழுந்தான்.

தாளை மடித்துக் கொடுக்கும்போது டாக்டரம்மா கடைசியாக ஒன்று கேட்டார்: என்ன வேலை, எந்த மாதிரிக் காற்றில் நாள் முழுக்க இருக்கிறீர்கள்? அவள் பேக்கிங் என்று சொன்னாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

அவன் அதே பொரிப்பகத்தில் புகை போடுகிறவன். பண்ணைகளிலிருந்து வரும் முட்டைகளை ஓர் அறையில் அடுக்கி, அகலப் பாத்திரத்தில் ஊதாப் படிகங்களைப் போட்டு, மேலே பார்மலினை ஊற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து கதவைச் சாத்துவான். வெள்ளைப் புகை கிருமியைக் கொல்லும். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு, முட்டை மூச்சுவிடும். புகை அந்த வழியாகவும் போகுமா என்று யாரும் கேட்டதில்லை. அவன் சட்டையில் அந்த நெடி இருந்தது, தலையணையில் இருந்தது, அவள் பின்னிய முடியில் இருந்தது. நாம என்ன அதைக் குடிக்கவா செய்யறோம் என்பான்.

அவள் ஏன் பொய் சொன்னாள்? வேலையை விடச் சொல்வார்கள் என்ற பயம் மட்டுமில்லை. அந்தக் காற்றினால்தான் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், ஒன்பது வருடமும் தானே போய்த் தேடிக்கொண்டதாக ஆகிவிடும். விதி என்றால் அழலாம். இதற்கு எப்படி அழுவது?

தினம் இரண்டு முட்டை என்றாரே, அதையும் அவள் கடையில் வாங்கவில்லை. காலி முட்டைகளைக் குழியில் கொட்ட வேண்டும் என்பது விதி. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் பார்க்காத நேரத்தில் பெண்கள் பைகளில் எடுத்துப் போவார்கள். உள்ளே ஒன்றும் இல்லாதபோது அதில் என்ன கெட்டுப்போக இருக்கிறது என்பது ரேடியோ அக்காவின் வாதம்.

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகாதபோது, நான்கு முட்டைகளை வேகவைத்தாள். கொதிநீரில் அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு டொக் டொக் என்றன. கைகழுவிவிட்டு வந்து அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கியது. குமிழிகள் நின்றன. தண்ணீர் கண்ணாடிபோல ஆனது.

டொக்.

குனிந்து பார்த்தாள். நான்கும் அசையாமல் கிடந்தன. ஆவியோடு பார்மலின் நெடி வந்து கண்ணைக் குத்தியது. கொக்கியில் தொங்கிய அவன் சட்டையைக் கொண்டுபோய்க் கொல்லைக்கொடியில் போட்டுவிட்டு வந்தாள். நெடி அடுக்களையிலேயே இருந்தது.

"முட்டையோட என்ன ரகசியம்? உனக்குத்தான் ஏற்கெனவே ஒரு கூமுட்டை புருஷன் இருக்கானே," என்று வந்து நின்றான் அவன். இரண்டை உரித்து நின்றபடியே விழுங்கினான். அவளும் உரித்தாள். வழவழவென்று வெள்ளை. கடித்தாள். மென்றபோது பல்லிடுக்கில் எதுவோ நெருடியது. எடுத்து விரல்நுனியில் வைத்தாள். ஓட்டுத் துணுக்கு என்று நினைத்தாள். ஓடு அப்படி மஞ்சளாக இருக்காது. அப்படி ஒரு பக்கம் வளைந்து, நுனியில் கூராக இருக்காது.

நாளெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே தொழிலாக உள்ளவள், அதை மட்டும் இரண்டாவது முறை பார்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டாள். மிச்ச முட்டையையும் சாப்பிட்டு முடித்தாள். குழந்தைக்கு வேண்டுமே.

வியாழக்கிழமை ஸ்கேன் அறையும் இருட்டாகத்தான் இருந்தது. வயிற்றில் குளிர்ந்த பசை. திரையில் சாம்பல் நிறம் நகர்ந்தது. ஒரு கறுப்பு வட்டம் வந்து நின்றது. டாக்டரம்மா கருவியை இப்படியும் அப்படியும் சாய்த்தார். நேரம் எடுத்தார். இந்த மௌனம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரு நொடி போதும்; இவர் இரக்கத்தினால் நீட்டுகிறார்.

"பை இருக்கும்மா. உள்ள ஒண்ணும் தெரியலை."

"காலியா டாக்டர்?"

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. நாள் கணக்கு சிலருக்கு முன்னப்பின்ன இருக்கும், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். உடை சரிசெய்துகொண்டே அவள் கேட்டாள், காற்றில் ஏதாவது கலந்திருந்தால் இப்படி ஆகுமா என்று. ஆகலாம், ஆகாமலும் போகலாம், ஒருவருக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பிறகு, ஏன் கேட்கிறாய் என்றார்.

"சும்மாதான்."

சனிக்கிழமை குளிக்கும்போது, தண்ணீரை நிறுத்திய பிறகு, அந்தக் கீச்சொலி கேட்டது. குழாயிலிருந்து இல்லை. சன்னலுக்கு வெளியிலிருந்தும் இல்லை. ஈரத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி வந்தது. தன் தோலுக்குக் கீழிருந்து.

உள்ளங்கையை வயிற்றில் வைத்தாள். சட்டென்று அடங்கியது. கூண்டுக் குஞ்சுகள்மேல் கதகதப்பான கையை வைத்தால் அப்படித்தான் அடங்கும்.

பயந்தாள். பயத்துக்கு நடுவில் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. சத்தம் இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. என்னவாக இருந்தால்தான் என்ன என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், நினைத்துவிட்டாள்.

அவனிடம் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே தரையில் மண்டியிட்டு அவள் வயிற்றில் காதை வைத்தான். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே உறைந்தது. எழுந்து, குடல் சத்தம், வேறென்ன என்றான். மறுநாள் காலை அடுக்களையில் முட்டைக் கூடையைக் காணவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அவன் எதிர்ச்சுவரோரம் தள்ளி உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வீட்டில் தனியாக இருக்கப் பயம். இருட்டறையில் விளக்கைப் போட்டாள். முதல் தட்டு. உயிர். உயிர். காலி. அந்த முட்டையை ஒதுக்க அவள் கை நீண்டபோது, உள்ளே அது கூப்பிட்டது. தெளிவாக, ஒரே ஒரு முறை.

காலித் தட்டு பதில் சொன்னது.

ஒன்று. பிறகு மூன்று. பிறகு தட்டு முழுக்க. பொரிக்கும் நேரத்தில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்தே ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும், எல்லாம் சேர்ந்து வெளியே வர வேண்டும் என்று. வெறும் தண்ணீரும் கருவுமாக எரியும் முட்டைகள் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக ரேடியோ நின்றது.

எதிர் மேசை விளக்கொளியில் அக்காவின் வாய் திறந்தபடி இருந்தது. கண்கள் தட்டைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றைப் பார்த்தன.

"நீ வீட்டுக்குப் போடி," என்றாள் மெதுவாக. "தயவுசெஞ்சு போ."

பத்தாம் நாள். காத்திருக்கும் கூடத்தில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகப் பெண்கள். அவன் உள்ளே வரவில்லை, கூடத்திலேயே நின்றுவிட்டான்.

குளிர்ந்த பசை. சாம்பல் திரை. கறுப்பு வட்டம், முன்னைவிடப் பெரிதாக.

"இன்னும் ஒண்ணும் இல்லைம்மா," என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். "வருத்தமாத்தான் இருக்கும். ஆனா எடுத்துடறதுதான் உனக்கு நல்லது."

டொக்.

டாக்டரம்மாவின் கையில் கருவி துள்ளியது.

அவர் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி வைத்தார். அழுத்தி.

டொக்.

வட்டத்தின் வெள்ளை விளிம்பில் ஒரு கீறல். முடி அளவு. அது நகர்ந்தது. விளிம்போடு சேர்ந்து, நிதானமாக, சுற்றி வந்தது. அறையில் அந்த நெடி. அவள் மூச்சிலிருந்து. டாக்டரம்மாவின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. மறு கை கருவிகள் இருந்த தட்டுக்குப் போனது.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தன் கைக்கு இவ்வளவு வலு உண்டென்று அவளுக்கே தெரியாது.

"கை வைக்காதீங்க டாக்டர். தானா வரட்டும்."

கீறல் பாதி சுற்றியிருந்தது. உள்ளே அது கூப்பிட்டது. இந்த முறை உரக்க.

சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

ஒன்று. பிறகு மூன்று. பிறகு எண்ண முடியவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். கோப்புகள் எல்லாம் தரையில் கிடந்தன. வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் தங்கள் வயிற்றில் கை வைத்து, தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அவள் கணவன், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றான். பெண்களில் யாரும் அழவில்லை. ஒருத்தி புன்னகைக்கத் தொடங்கியிருந்தாள்.