போட்டு வாங்கோ

"நான் என்ரை காதாலை கேட்டனான். பெட்டியை இறக்கேக்கை நீர் 'போட்டு வாங்கோ' எண்டு சொன்னனீர்."

குசினி வாசலை அடைத்துக்கொண்டு மரியநாயகி இதைச் சொன்னபோது, அவளுடைய தம்பி குருசுமுத்துவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த சனம், இருப்பறையில் றோல்ஸைக் கடிப்பதையே நிறுத்திவிட்டது. மரியநாயகிக்கு மெதுவாகக் கதைக்க வராது. டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோத் தமிழருக்குச் செய்தித்தாள் தேவைப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"நான் அப்பிடிச் சொல்லயில்லை மச்சாள்," என்றாள் குருசுமுத்துவின் மனைவி மாக்கிரட். அவளுடைய குரலும் ஏறித்தான் இருந்தது.

"சொன்னனீர். செத்தவீட்டிலை 'போட்டு வாறம்' எண்டு சொல்லாமல் சனம் வாயை மூடிக்கொண்டு எழும்பிப் போறது ஏன்? நீர் செத்தவனுக்கே சொல்லிப்போட்டீர்."

சொன்னவள்தான். சேமக்காலையில் கயிறுகள் மெல்ல நழுவி, சவப்பெட்டி கண்ணை விட்டுக் குழிக்குள் போகும்போது, முப்பது வருடமாக ஒவ்வொரு காலையும் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டியபடி சொன்ன சொல் அதே தொனியில் வாயில் வந்துவிட்டது. போய்விட்டு வாருங்கள். குருசுமுத்துவோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலைசெய்த டெனிஷ்காரர்கள் அதை ஏதோ தமிழ்ச் செபம் என்று நினைத்துத் தலைகுனிந்தார்கள். டெனிஷ் பாதிரியார் இன்னும் ஒருபடி மேலே போய், 'ஆமென்' என்றார்.

மரியநாயகி அடுத்த குற்றச்சாட்டுக்கு வாயெடுத்தாள். அப்போது வெளியே கொட்டகையில் யாரோ சைக்கிள் ஸ்ராண்டைக் காலால் தட்டும் சத்தம். ஒரு தட்டு. துருப்பிடித்த ஸ்பிரிங்கின் முனகல். பிறகு இன்னொரு தட்டு. குருசுமுத்துவின் சைக்கிள் ஒருநாளும் முதல் தட்டில் நின்றதில்லை. அந்தச் சைக்கிளைப் போன கிழமைதான் கோயில் பஸாரில் விற்கக் கொடுத்திருந்தார்கள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சண்டை அத்தோடு முடிந்தது. புறப்படும்போது, கோட்டு மாட்டும் சாட்டில் மரியநாயகி குனிந்து, வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகக் கதைத்தாள்.

"இனி வந்தால் 'போங்கோ' எண்டு சொல்லும். அதுக்குப் பின்னாலை ஒண்டும் சேர்க்காதையும்."

மகள் ஸ்ரெபானிக்கு இந்தக் கதைகளில் நம்பிக்கை இல்லை. அவள் ஒடென்சேயில் ஜோனாஸ் என்ற டெனிஷ் பெடியனோடு கலியாணம் கட்டாமலே குடியிருந்தாள். அதைப் பற்றிச் சனத்துக்குத் தனியாக ஒரு புராணமே இருந்தது. ரயிலேறுமுன் தாயை நூலகத்தில் கூடும் துக்கக் குழுவொன்றில் சேர்த்துவிட்டுப் போனாள். அங்கே மெழுகுதிரி ஏற்றி, கோப்பி குடித்து, ஒவ்வொருவராக அழுதார்கள். தான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்துக் கிழவர்களைக் குளிக்கவார்க்கப் போதுமான மாக்கிரட்டின் டெனிஷ், துக்கத்தைச் சொல்லப் போதவில்லை. மனுசன் பின்னேரங்களில் திரும்பி வருகிறார் என்று மட்டும் சொன்னாள். குழுவை நடத்திய பெண் அவளுடைய கையைப் பிடித்து, அது வழமைதான், பலருக்கும் அப்படித்தான் இருக்கும், பயப்படாமல் அவரை வர விடு என்றாள். மச்சாள் போகச் சொல்லு என்கிறாள், டெனிஷ்காரி வர விடு என்கிறாள். மனிசி எதைத்தான் கேட்பது?

உள்ளதைச் சொன்னால், மாக்கிரட்டுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல விருப்பமில்லை. சொன்னால் அவர் போய்விடுவார். இந்தமுறை ஒரேயடியாக. கட்டிலின் மறுபக்கம் வெறுமையாய்க் கிடந்து அவளைப் பார்க்கிறது. அதைவிட, கொட்டகையில் ஒரு சத்தம் இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஆனால் சத்தம் கொட்டகையில் நிற்கவில்லை.

நொவெம்பர் இருட்டு வேலை முடிந்து வருபவர்களுக்கு முன்பே வீடுகளுக்குள் வந்துவிடும். அந்த இருட்டில், நனைந்த இலைகளின்மேல் ரயர் உருளும் சத்தமும், வாசல் கல்லில் யாரோ பாரம் மாற்றி மாற்றி நிற்கும் அரவமும், கதவிடுக்கால் உள்ளே ஊரும் ஒரு மணமும் அவளுக்குப் பழகத் தொடங்கின. தொழிற்சாலையில் கை கழுவும் சோப்பின் மணம் அது. குருசுமுத்து எத்தனை முறை குளித்தாலும் போகாதது. அதற்கடியில் வேறொன்று, உருளைக்கிழங்கு மூட்டையின் அடியில் நசிந்து கிடக்கும் ஒன்றைப்போல. காலையில் கால்மிதி நனைந்திருந்தது. பிறகொருநாள் அதற்கு இந்தப் பக்கத்துத் தரையும் நனைந்திருந்தது. பூட்டின கதவு பூட்டினபடியே இருந்தது. மாக்கிரட் தரையைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, தான் எப்போது இரண்டு பேருக்கு அரிசி போடத் தொடங்கினாள் என்று யோசித்தாள்.

அன்று நல்ல மழை. மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முன்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பூட்டில் திறப்புப் போடுகிற சத்தம் கேட்கவில்லை. முன்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மங்கல் கண்ணாடிக் கதவொன்று இருந்தது. அதன் மறுபுறம் ஒரு கருமை, ஆளுயரத்துக்கு எழுந்து நின்று, பிறகு குனிந்தது. சப்பாத்துக் கழற்றுகிறார். சப்பாத்தோடு ஒருநாளும் உள்ளே வராத மனுசன் என்று அவளுக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது.

பிறகு நினைவு வந்தது. பெட்டியில் அவருக்குச் சப்பாத்துப் போடவில்லை. தேவையில்லை என்று அடக்க வேலைக்காரர் சொன்னார்கள்.

ஆனால் அது எதையோ கழற்றிக்கொண்டிருந்தது.

ஈரமான சத்தம். மெல்ல. இழுத்து, நிறுத்தி, இழுத்து. மூச்சு இல்லை. கழன்றது ஒன்று. சப்பாத்துத் தட்டில் வைக்கும் சத்தம். பிறகு மற்றது.

கருமை நிமிர்ந்தது. கண்ணாடியில் ஒரு கை பதிந்தது.

இப்போது சொல்ல வேண்டும். ஒரு சொல். மாக்கிரட் வாயைத் திறந்தாள். வாசலுக்கு வந்த எவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியறியாத வாய் அது. பயத்தில் அதற்குத் தெரிந்ததைத்தான் அது சொன்னது.

"சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. அவருடைய குரல்தான். ஆனால் மூச்சை வெளியே விட்டுச் சொன்னதுபோல் இல்லை, உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னதுபோல் இருந்தது.

"வாறன்."

கைப்பிடி திரும்பியது. அவள் தோட்டத்துக் கதவால் ஓடினாள். காலுறையோடு. மழைக்குள். மச்சாள் வீட்டுக்கு.

மரியநாயகி செபமாலையும் ரோச் லைட்டும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். பாதி மச்சாளுக்காக, பாதி என்னதான் நடக்கிறதென்று பார்க்காமல் இருக்க முடியாததால். கீழே ஒருவரையும் காணவில்லை. சோற்றுப் பானை அடிவரை வழித்திருந்தது. குழம்புச் சட்டி கழுவினதுபோல் இருந்தது. மேசைக்குக் கீழே சிறு சேறு. முன்கூடத்துக் கதவைத் திறந்து மரியநாயகி லைட்டைக் கீழே பிடித்தாள்.

சப்பாத்துத் தட்டில், அவர் எப்போதும் வைக்கும் இடத்தில், நுனி சுவரைப் பார்க்க, ஒழுங்காக ஒரு சோடி.

சப்பாத்தல்ல. சாம்பல் நிறம். ஈரம். நகங்கள் இருந்தன. குதிக்காலில் வெடிப்பு, ஒவ்வொரு இரவும் மாக்கிரட் வசலின் பூசிவிட்ட வெடிப்பு.

இரண்டு பெண்களும் டென்மார்க்கில் இத்தனை வருடம் வாழ்ந்தவர்கள். தட்டில் சோடி இருந்தால் ஆள் உள்ளே என்று அர்த்தம். மரியநாயகி மெல்லத் தலையைத் திருப்பி வீட்டுக்குள்ளே பார்த்தாள். மேலே, படுக்கையறையில், கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

மரியநாயகி அந்த மாதமே இலண்டனிலிருக்கும் மகனிடம் போய்விட்டாள். எதற்கென்று எவரிடமும் சொல்லவில்லை. அவள் ஒரு விசயத்தை வயிற்றுக்குள் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை என்பதால், சனம் அதிலேயே பயந்தது. மாக்கிரட்டின் வீட்டுக்கு ஹேர்ணிங் பக்கமிருந்து ஒரு டெனிஷ் சோடி வந்தது. ஸ்ரெபானி இளவேனிலில் ஜோனாஸைக் கோயிலில் வைத்தே கட்டினாள். தாயைக் கூட வைத்திருக்கத்தான் அந்த அவசரம் என்று சிலரும், அவசரத்துக்கு வேறு காரணம் என்று சிலரும் சொன்னார்கள். மண்டப வாசலில் நின்று விருந்தினரை வரவேற்க ஜோனாஸுக்கு ஒரேயொரு தமிழ்ச் சொல் பழக்கியிருந்தார்கள். பெடியன் அதைப் பெருமையோடு வந்தவர் எல்லாருக்கும் சொன்னான், சாப்பாடு பரிமாறியவர்களுக்கும் சொன்னான். உச்சரிப்பு திறம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

மாக்கிரட் ஒடென்சேயில், மூன்றாம் மாடியில், அவர்களோடு குடியேறினாள். அங்கே எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு பின்னேரம் ஸ்ரெபானி இன்னும் வேலையால் திரும்பவில்லை; மாக்கிரட் குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வாசல்மணி அடித்தது. ஜோனாஸ் போய்த் திறந்தான்.

"வாங்கோ," என்றான் ஜோனாஸ், அழகான உச்சரிப்போடு. "வாங்கோ, வாங்கோ."

அகப்பையோடு அவள் வெளியே வந்தாள். மாடிப்படி வெளிச்சம் தானாக அணைந்திருந்தது. ஜோனாஸ் கதவை அகலத் திறந்து பிடித்தபடி, குனிந்து எதையோ கழற்றும் வயதான ஒருவருக்காகக் காத்திருப்பவன்போல், பொறுமையாகக் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்களில் இல்லை.