தலை கவிழ்ந்தால் கத்தும் பெட்டி

“கட்டுன புருசனத் தூங்குமூஞ்சின்னு ஊருக்கே தமுக்கடிச்சுட்டியேத்தா…” விடிந்ததும் மாயக்காள் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் சுப்புத்தாய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை கொழிக்கத் தொடங்கிய எழுபதுகள் அவை. சுப்புத்தாயின் கணவன் தங்கபாண்டி ஓடைப்பட்டியில் பழம் ஏற்றி மதுரைக்கு லாரி ஓட்டினான். ஒருமுறை கண்ணயர்ந்து வண்டியைப் புளியமரத்தில் உரசிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்கு ஏது தூக்கம்?

போடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். செத்துப்போன அப்பா கொடுத்த டிரான்சிஸ்டர் ஒன்று அவளிடம் இருந்தது. சாயங்காலம் அதைத் திருகினால் போதும், அந்தக் கடையும், ஈயம் உருகும் வாசனையும், அப்பா தாளம் போடும் விரல்களும் அப்படியே கண்ணுக்குள் வந்துவிடும். புருசன் வண்டியில் கண்ணயராமல் இருக்க அதைத்தான் பிரித்துப் போட்டாள். தலைத்துண்டில் செருக ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே பாதரசம். தலை முன்னால் கவிழ்ந்தால் பாதரசம் ஓடிக் கம்பிகளைத் தொடும். பக்கத்தில் வைத்த டிரான்சிஸ்டர் பெட்டி வீலென்று கத்தும்.

முதல் சவாரியிலேயே மானம் போனது. வீரபாண்டிக் கோயிலைத் தாண்டும்போது தங்கபாண்டி வழக்கம்போலத் தலை குனிந்து கும்பிட்டான். பெட்டி கத்தியது. வழியில் எந்தச் சாமியையும் விடுகிற ஆளில்லை அவன், எல்லாவற்றுக்கும் கத்தியது. விஷயம் பரவி லாரி ஸ்டாண்டே சிரித்தது. தலை சாமிக்கும் குனியும் என்பதை அந்தப் பைத்தியக்காரி யோசிக்கவேயில்லை.

“இனி இதக் கட்டமாட்டேன் புள்ள,” என்றான் தங்கபாண்டி.

“சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போறாக. நீங்க இல்லாட்டி அவுகளா வந்து எனக்குத் தொணை இருப்பாக? எங்கப்பா குரலாட்டம் வச்சிருந்தத ஒடச்சுச் செஞ்சிருக்கேன்…” சுப்புத்தாய் உடைந்து அழுதாள்.

அவன் துண்டைக் கட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மத்தியானம் திரும்பியவன், வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னைக்கு எந்தக் கோயிலுக்குடா கத்துச்சு?” என்றாள் மாயக்காள், குத்தலாக.

“வெறும் பொட்டக்காட்டுல கத்துச்சு ஆத்தா… அங்கன கோயிலே இல்ல. முழிச்சுப் பாத்தா எதுத்தாப்புல பஸ்ஸு. நல்லவேள, வண்டிய ஒடிச்சுத் திருப்பிட்டேன்.”

மாயக்காளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அடுப்படிக்கு ஓடி மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

“கத்தட்டும்த்தா… சாமிக்கும் சேத்தே கத்தட்டும்.”