பதவிமுகம்

காலை ஒன்பதே முக்காலுக்கு ஜெயசீலி பின்பக்க அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, கழுத்துப் பட்டையின் பொத்தானை அழுத்துவாள். மெல்லிய ஒளிப்படலம் தாடையிலிருந்து நெற்றிவரை ஏறி மூடும். பத்து மணிக்குக் கண்ணாடித் தடுப்பின் பின்னால் மணற்குடியில் வீடிழந்தவர்களுக்கு வீடு ஒதுக்கும் குடியமர்வு அலுவலர் உட்கார்ந்திருப்பார். வட்ட முகம், நாற்பது வயது மதிக்கலாம், ஏற்ற இறக்கமில்லாத குரல். இருபத்திரண்டு வருடங்களாக அந்த முகத்துக்கு வயதாகவில்லை. ஜெயசீலிக்கு அறுபது ஆகிவிட்டது.

அதற்குப் பெயர் பதவிமுகம். கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் பணியாளர் வாரியம். அலுவலர் யாரென்று தெரிந்தால் சிபாரிசு வரும், மிரட்டல் வரும், நம்மாளா என்ற விசாரணை வரும். அதனால் முகத்துக்குள் இருப்பது மனிதரா இயந்திரமா என்பதைக்கூட வாரியம் வெளியே சொல்வதில்லை. அலுவலர்களும் சொல்வதில்லை என்று உறுதிமொழி கொடுத்திருந்தார்கள்.

ஓய்வுபெறும் நாளில் வாரிய அலுவலகத்தில் பட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். பொறுப்பாளர் முபாரக் அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஒரே ஒருத்தங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகலாமா சார்? சுடலைவடிவுன்னு ஒரு அம்மா. கடல் வீட்டைக் கொண்டுபோனதுலேர்ந்து வாராவாரம் வருவாங்க. வேற வீடு கிடைச்ச பிறகும் வர்றாங்க, சும்மா பேசுறதுக்கு."

"நீங்க சொன்னா, அடுத்து வர்றவங்களையும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிரும் மேடம்." முபாரக்கின் குரலில் கடுமை இல்லை.

சுடலைவடிவு வழக்கமாக வரும் செவ்வாய்க்கிழமை, ஜெயசீலி சொந்த முகத்தோடு தன் பழைய அலுவலகத்துக்குப் போய், டோக்கன் எடுத்து உட்கார்ந்தாள். சுடலைவடிவு தடுப்பின் முன்னால் நின்று, "மருமவ திரும்பி வந்துட்டாம்மா" என்று சிரித்தாள். பழகிய முகம் பழகிய குரலில், "மனு எண் சொல்லுங்க" என்றது.

சுடலைவடிவு திரும்பி வந்து ஜெயசீலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிஷின மாத்திட்டாவ போல," என்றாள். "பழசு எவ்வளவு நல்ல மிஷின் தெரியுமா? எதைச் சொன்னாலும் கேட்டுக்கிட்டே இருக்கும்."

யோசிப்பதற்கு முன்பே ஜெயசீலியின் வாயிலிருந்து வார்த்தை வந்துவிட்டது.

"அது மிஷின் இல்லம்மா. உள்ள நான்தான் இருந்தேன்."

சுடலைவடிவின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து, நின்றது. கை சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தது.

"அப்ப... எம்புருசன் செத்தன்னைக்கு நிம்மதியா தூங்குனேன்னு நான் சொன்னது? இதே ஊர்ல இருக்க ஒரு மனுசிகிட்டயா சொன்னேன்?"

மனிதர் யாரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் இத்தனை வாரமும் வந்திருக்கிறாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றாள் ஜெயசீலி நிதானமாக. "முகத்தைக் கழட்டுறப்போ, அதுக்குள்ள இருந்தப்போ கேட்டதையெல்லாம் மண்டையிலேர்ந்து அழிச்சுருவாங்க. சட்டம் அப்படி."

அப்படி ஒரு சட்டம் இல்லை.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். உங்க பேருகூடத் தெரியாது."

சுடலைவடிவு அவள் கண்களையே பார்த்தாள். ஒளிப்படலம் இல்லாமல் ஒரு முகத்தை அசையாமல் வைத்திருப்பது ஜெயசீலிக்குக் கஷ்டமாக இருந்தது. சற்றுப் பொறுத்து அந்த அம்மாளின் தோள்கள் தளர்ந்தன. கீழே இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எம்பேரு சுடலைவடிவு," என்றாள். "எங்க வீடு முன்னால கடற்கரையில இருந்துச்சு."

"அப்படியா? எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் ஜெயசீலி.