பழைய சர்வரை அணைக்கும் முன்

பூட்டைத் திறந்ததுமே மூக்குப்பொடி வாசம் அடித்தது. குத்தாலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த அறையில் பொடி போடுகிற ஆள் ஒருத்தர்தான், அங்கே உட்கார்ந்து வேலை பார்த்த பிச்சுமணி சார். அவர் செத்து மூணு மாசமாகிறது. உட்கார்ந்த நாற்காலியிலேயே தலை சாய்ந்து போனார். அதற்கப்புறம் குத்தாலிங்கமே இரண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேறொருத்தர் உள்ளே வர வழியே இல்லை.

"என்ன அண்ணாச்சி, அங்கனயே நிக்கீய? வழிய விடுங்க."

பின்னால் ஸ்ரீவித்யா. கம்ப்யூட்டர் வேலைக்குப் பல வருசமாகத் தென்காசியிலிருந்து வந்து போகிற பிள்ளை. அவளுக்கு வாசம் எதுவும் வரவில்லை போல.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. இலஞ்சியில் அந்தத் தேங்காய் நார் கம்பெனிக்கு லீவு. மதியம் இரண்டு மணிக்கே சாரல் மூடி, வெளிச்சம் சாயங்காலம் மாதிரி செத்துக் கிடந்தது. அறை மூலையில் பழைய சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. கம்பெனியில் இருக்கிற முப்பத்துநாலு பேருடைய கடிதம், ஃபைல், லீவு, லாரி வரும் தேதி எல்லாம் அதற்குள்தான். பக்கத்திலேயே புதுசு. அதில் சத்தமே இல்லை.

"ஏம்மா, அந்த மிஷின்லயே அப்கிரேடுன்னு ஒண்ணு இருக்காம்லா? அத அமுக்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"இது ரொம்பப் பழசு அண்ணாச்சி. அதுவா ஏறணும்னா மூணு படி ஏறணும். நடுப்படில நின்னுட்டுன்னா மேலயும் போகாது, கீழயும் வராது. அதான் தனியா டூல் வாங்கிருக்கு. அது ஒவ்வொருத்தரையா எடுத்துப் புதுசுல வைக்கும். பழசு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும். எல்லாம் வந்துட்டான்னு பாத்துட்டு அணைச்சிரலாம்."

"விட்டுப்போனது?"

"அதுலயே கெடக்கும். பாக்காம அணைச்சா போச்சு."

குத்தாலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. இருக்கிற வீட்டுக்கு வெள்ளையடித்தால் சாமான் கிடந்த இடத்தில் கிடக்கும். வீடு மாறினால் எது எவன் கைக்குப் போகும் என்று யார் கண்டது? ஆனால் மூணாங் கிளாஸ் படித்த பியூன் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்.

திரையில் பேர்கள் வரிசையாக வந்தன. பழைய மிஷினில் இருக்கும் பேர் இந்தப் பக்கம், புதுசில் அதை வாங்கிக்கொள்ளும் பேர் அந்தப் பக்கம். ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக நின்றது.

"பிச்சுமணி சார்," என்றாள் ஸ்ரீவித்யா. "தலைத்திவசம் முடியாம அவரு பேர்ல உள்ளத அழிக்கக் கூடாதுங்காரு மொதலாளி. ஆனா புதுசுல உயிரோட இருக்கவங்களுக்கு மட்டுந்தான் லைசென்சு. யாராவது வாங்கிக்கிடணும்." கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க அக்கவுண்டு சும்மாதான கெடக்கு? ஒரு போட்டோ, நாலு லீவு லெட்டரு. ஒங்க பேர்ல போட்டுரட்டா?"

"செத்தவரு சமாச்சாரத்த எம்பேர்லயா?"

"ஒம்பது மாசத்துக்குத்தான? அவரு என்ன ஆளா வந்து ஏறிக்கிடவா போறாரு?"

சின்னப் பிள்ளை முன்னால் பயந்தவனாகத் தெரிய வேண்டாமே என்று குத்தாலிங்கம் தலையை ஆட்டிவிட்டார்.

சிவப்பு போய்விட்டது.

"கடை அடைக்கதுக்குள்ள ஒரு கேபிள் வாங்கிட்டு வந்துருதேன். எதையும் தொடாதீய." ஸ்கூட்டர் சத்தம் சாரலுக்குள் கரைந்தது.

உட்கார அறையில் இருந்தது ஒரே நாற்காலி. செத்தவருடைய நாற்காலி. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், முழங்கால் வலித்தது, உட்கார்ந்தார். ஜன்னல் தகரத்தில் சாரல் பொடிப்பொடியாக விழுவதும், குற்றாலம் போகிற வேன் ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு தூரத்தில் கடப்பதும், நனைந்த நாரின் புளித்த நாற்றமும், அதற்கு மேலே விலகாமல் நிற்கிற பொடி வாசமும், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய மிஷின் மூச்சு வாங்குகிற சத்தமும் சேர்ந்து அவருக்குக் கண்ணை அழுத்தின. திரையில் ஒரு பச்சைக் கோடு புழு மாதிரி ஊர்ந்தது.

டக், டக்.

இருபத்தஞ்சு வருசமாகக் கேட்ட சத்தம். பிச்சுமணிக்கு ஆள் வேண்டுமென்றால் மேசையில் விரலால் இரண்டு தட்டு. அப்புறம், "ஏ கைநாட்டு, இங்க வா." குத்தாலிங்கம் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். அறையில் யாருமில்லை.

தட்டியது அவருடைய விரல்.

கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். தூக்கக் கலக்கம். திரையைப் பார்த்தார். ஓடுகிற எழுத்தை வாய்க்குள் முனகினார்: பத்தொன்பதாவது ஆள் நகலெடுக்கப்படுகிறார், காத்திருக்கவும்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. திரையில் இருந்தது இங்கிலீஷ். அவருக்கு இங்கிலீஷில் தன் பேரை எழுதக்கூடத் தெரியாது.

செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"மழ வலுக்குது. குடைய விட்டுட்டுப் போயிட்டீயள. கொண்டாரட்டா?"

பொம்பளைக் குரல். நல்ல தெரிந்த குரல். யார்? நாக்கு நுனியில் நின்றது. நாற்பத்தொரு வருசம் ஒரே பாயில் படுத்தவள். அவளை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். இ... இ...

"என்ன சத்தத்தையே காணும்? இருங்க, வாரேன்."

இசக்கி! இசக்கியம்மா. வந்துவிட்டது. அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுந்தார். வயரைப் பிடுங்கணும். மிஷின் போனால் போகட்டும், வேலை போனால் போகட்டும். அவள் பேர் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

கரண்டு போனது. பேட்டரி கீச்சிட்டது. பச்சைக் கோடு நிற்கவில்லை.

குனிந்தார். வயருக்கு நீட்டிய கை நடுவில் திரும்பியது. மெதுவாக மேலே ஏறி, மூக்கின் மேல் இல்லாத கண்ணாடியைச் சரிசெய்தது.

இசக்கி. இசக்கி. இ...

கோடு முடிந்தது.

இருட்டு. உறுமல். உறுமல் இப்போது மூலையிலிருந்து வரவில்லை. அவரைச் சுற்றி இருந்தது. காது இல்லை, தலை இல்லை, உறுமல் மட்டும். கொஞ்சம் கொஞ்சமாக அறை தெரிந்தது. கீழேயிருந்து. மூலையிலிருந்து. நாற்காலியில் ஓர் ஆள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். நரைத்த தலை. தோளில் குத்தாலிங்கத்தின் துண்டு.

செல்போன் அடித்தது. அந்த ஆள் எடுத்தான்.

"முடிஞ்சுட்டா? எதுவும் விட்டுப்போகலல்லா?" ஸ்ரீவித்யா கத்திப் பேசுவது இங்கே வரை கேட்டது.

"எல்லாம் வந்தாச்சும்மா."

தொண்டை குத்தாலிங்கத்துடையது. பேச்சு அவருடையது இல்லை.

"அப்ப பழச அணைச்சிருங்க சார்," என்றாள் அவள். பிச்சுமணியிடம் பேசிய இத்தனை வருசப் பழக்கத்தில் 'சார்' தானாக வந்தது. சட்டென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றது. ஆள் போனை வைத்துவிட்டான்.

வாசலில் குடை மடங்கும் சத்தம். இசக்கியம்மாள். சேலை நுனியில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

"போன்ல ஏன் பேசல? நான் பயந்தே போனேன்."

"யாரும்மா நீங்க? இன்னைக்கு ஆபீஸ் லீவு."

அவள் சிரித்தாள். கிண்டல் என்று நினைத்த சிரிப்பு. அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே வாயில் நின்றுவிட்டது.

ஏட்டி! நான் இங்கன இருக்கேன். இங்கன பாரு, ஏட்டி!

மிஷினின் விசிறி ஓலமிட்டது.

"அது... அது என்ன அப்படிக் கத்துது?" என்றாள், மூலையைப் பார்த்து. நேராக அவரைப் பார்த்து.

"பழசும்மா. விட்டுப்போனது ஏதாவது இருக்கும்."

ஆள் எழுந்து வந்தான். குனிந்தான். குத்தாலிங்கத்தின் முகம் குத்தாலிங்கத்தைப் பார்த்துச் சிரித்தது.

"என்னடா கைநாட்டு," என்றான், அவளுக்குக் கேட்காத குரலில்.

பொடிக் கறை படிந்த பெருவிரல் பெரிதாகிக்கொண்டே வந்து, ஜன்னலை மறைத்தது, வெளிச்சத்தை மறைத்தது, கடைசியாக இசக்கியம்மாளின் முகத்தையும் மறைத்தது.